ரௌட்டருக்குள் ஒளிந்துகொள்ளும் வாசகர்கள்

2025 பிப்ரவரி 15 மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்திருந்தது. அமெரிக்கா நம் ஆட்களுக்கு விலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாகப் படம். பாஜகவினர் புகார் கொடுத்தார்கள். ஒரு கார்ட்டூனுக்காக, 1926இல் தொடங்கிய ஒரு பத்திரிகைக் குழுமத்தின் மொத்தத் தளமும் முடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

அந்த மூன்று வாரமும் இலக்கிய வாட்ஸப் குழுக்களில் நான் அதிகம் பார்த்த வாக்கியம் எது தெரியுமா? “எனக்கு ஓப்பன் ஆகுதே ப்ரோ. ரௌட்டர்லயே விபிஎன் போட்டுட்டேன்.”

இந்தக் கட்டுரையின் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

விபிஎன் போடாதே என்று சொல்ல வரவில்லை. போடுங்கள். எப்படிப் போடுவது என்றும் கீழே சொல்கிறேன். ஆனால் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறவன், நனைகிறவனைப் பார்த்து ‘மழையா? எங்கே?’ என்று கேட்கக் கூடாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உட்கார்ந்து வாசிக்கிற நம் தலைமுறை இன்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

2020க்குப் பிறகு நம்ம ஊர்களுக்கு ஒரு புது ஆள் வந்தான். பெங்களூர், சென்னை கம்பெனியில் வேலை. உட்கார்ந்திருப்பது ராஜபாளையம் மாடி அறையில். பகலில் ஆபீஸ் விபிஎன், ராத்திரியில் சொந்த விபிஎன். கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படித்த தம்பிகளுக்கும் இதெல்லாம் கைவந்த வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் பெரும்பாலும் நாம் கை வைக்க முடியாது. அதன் முழு அட்மின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கும். ஆகவே அதன் பின்னால் நம் சொந்த ரௌட்டர் ஒன்றை மாட்டி, ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரி ஒரு மென்பொருளை ஏற்றி, விபிஎன் கம்பெனி கொடுத்த வயர்கார்ட் கோப்பைப் போட வேண்டும். அதன்பின் வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றின் போக்குவரத்தும் ஒரே சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகச் செயலி போட வேண்டியதில்லை. ரௌட்டரில் போடுவதன் லாபம் அதுதான்.

செலவும் உண்டு. விலை மலிவான ரௌட்டரின் சிப் ஓப்பன்விபிஎன் ஓட்டினால் மூச்சு வாங்கும், வயர்கார்ட் பரவாயில்லை. எம்டியு எண்ணைச் சரியாகக் குறைத்து வைக்காவிட்டால் சில பக்கங்கள் பாதி திறந்து அப்படியே நிற்கும். பல அரசுத் தளங்கள் வெளிநாட்டு ஐபி முகவரியைக் கண்டால் கதவைச் சாத்திவிடும். ஹாட்ஸ்டார் விபிஎன் என்று மோப்பம் பிடித்ததும் படம் காட்டாது. “டேய், நெட்ட என்னடா பண்ணித் தொலைச்ச?” என்று அம்மா சத்தம் போடும்போதுதான் தெரியும், வீட்டு ரௌட்டர் தனி ஆளின் சொத்து இல்லை என்பது.

நாலு காவல்காரர்கள்

யூடியூப் விளம்பரம் சொல்வது இது: விபிஎன் போடு, உன்னை யாரும் பார்க்க முடியாது. இது பொய். பார்க்கிற ஆள் மாறுகிறார். அவ்வளவே.

முதல் ஆள் நம் தெரு ஃபைபர்காரர். அவர் உங்கள் வங்கிப் பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் பக்கத்தின் உள்ளடக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் போனீர்கள் என்பது அவர் பாதையில் தெரியும். சென்னையில் இது ஒரு தகவல். ராஜபாளையத்தில் இது ஊர்ப்பேச்சு. அவருக்கு உங்கள் சித்தப்பாவைத் தெரியும். கேபிள் காசு வசூலிக்க வருகிற பையன் உங்களோடு படித்தவன். சின்ன ஊரில் அந்தரங்கம் வேண்டும் என்பதற்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது. அதை நான் மறுக்கவே இல்லை.

இரண்டாவது ஆள் அவருக்குப் பின்னால் இருக்கும் பெரிய நிறுவனம். உரிமம் வாங்கியது, அரசு கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் காசு கொடுத்து நியமித்த விபிஎன் கம்பெனி. முதல் இரண்டு பேர் பார்த்ததை எல்லாம் இனிமேல் இவர் பார்ப்பார். ‘நாங்கள் பதிவு எதுவும் வைப்பதில்லை’ என்பது அவர் வாக்கு. அந்த வாக்கின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டலாம். ஒனாவோ என்ற விபிஎன் செயலியை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. பாதுகாப்பு என்று சொல்லித்தான் ஜனங்களிடம் கொடுத்தது. ஜனங்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்க்க அதையே வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023இல் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 2021இல் வாங்கிய கேப் நிறுவனம், ‘சிறந்த விபிஎன் எது’ என்று தரவரிசை போடும் விபிஎன்மென்டார் தளத்தின் தாய் நிறுவனத்தையும் அதே ஆண்டு வாங்கியது. கடைக்காரரே பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ‘எந்தக் கடை நல்ல கடை’ என்று ஆலோசனை சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க வந்தவர்கூடச் சிரித்துவிட்டுப் போவார். இணையத்தில் மட்டும் நாம் லிங்க்கை அமுக்கிக் காசு கட்டுகிறோம்.

நாலாவது ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். அட்மின் பாஸ்வேர்டு வைத்திருக்கும் அண்ணன். நிறைய வீடுகளில் அது மூத்த பையன்தான். விளம்பரத் தடுப்பு வேண்டும் என்று டிஎன்எஸ் பதிவை அவன் போட்டு வைக்கிறான். அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனும் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்று வரிசையாக விழுகிறது. தங்கச்சி போன் ராத்திரி பதினோரு மணிக்கு எந்தத் தளத்தைத் திறந்தது என்பது அவனுக்குத் தெரியும். புனைபெயரில் கவிதை எழுதுகிற பெண்ணுக்கும், விவாகரத்துச் சட்டத்தைப் பற்றித் தேடுகிற மதினிக்கும், மதத்தைச் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கும் தம்பிக்கும் தில்லியைவிட இந்த நாலாவது காவல்காரர்தான் ஆபத்து. அரசு நம்மைக் கண்காணிக்கிறது என்று நாலு பத்தி எழுதுகிற நண்பர்களே, உங்கள் ரௌட்டரில் அந்தப் பதிவு ஓடுகிறதா இல்லையா? முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கம்பெனி ரகசியம், வாசகர் ரகசியம்

2022 ஏப்ரல் 28 அன்று சிஇஆர்டி-இன் என்ற மத்திய அரசு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காக விபிஎன் வாங்குகிறார் என்ற காரணம் எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் விலகிப்போன பிறகும் ஐந்து வருடம். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை அந்த வருடமே இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பிடிக்காதவர்கள் வெளியேறலாம் என்பதுதான் அன்றைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகரின் நிலைப்பாடு. இப்போது எக்ஸ்பிரஸ்விபிஎன் பட்டியலில் ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்தாலும் அந்த இயந்திரம் நம் மண்ணில் இல்லை.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. கம்பெனிகள் தம் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று அரசே விளக்கம் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். அதே மாடி அறை, அதே பையன், அதே லேப்டாப். பகலில் கம்பெனியின் கணக்குவழக்கை அவன் சுரங்கத்துக்குள் அனுப்பினால் அது வணிக ரகசியம், அதற்கு மரியாதை உண்டு. ராத்திரி ஒரு கட்டுரையைப் படிக்கச் சுரங்கத்துக்குள் போனால், பெயர் என்ன, முகவரி என்ன, எதற்காக என்று பதிவேடு. முதலாளியின் அந்தரங்கம் சொத்து. வாசகரின் அந்தரங்கம் சந்தேகம். இந்த வேறுபாட்டை எதிர்த்துத் தமிழ் எழுத்தாளர் அமைப்புகள் ஏதாவது கூட்டம் போட்டதாக என் காதுக்கு எட்டவில்லை. எல்லாரும் சிங்கப்பூர் சர்வருக்கு மாறிக்கொண்டோம்.

சட்டத்தைப் பற்றிய பயத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். வீட்டில் விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லும் நாடு தழுவிய சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் 2025 மே மாதம் ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்ட நிர்வாகம் விபிஎன்னுக்குத் தடை போட்டது. ஒரு மாவட்டத்தில் ஓர் உத்தரவு போதும். நம் சுரங்கம் அவ்வளவு கெட்டியான சுரங்கம் இல்லை.

சாலையே இல்லாவிட்டால்

எவ்வளவு கெட்டி என்பதை நம் மாவட்ட எல்லையிலேயே பார்த்தோம். 2018 மே 22 தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச்சூடு. 13 பேர் செத்துப்போனார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். விருதுநகர் மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. ராஜபாளையத்தில் நெட் இருந்தது. தென்காசி ரோட்டில் சேத்தூர் தாண்டிச் சிவகிரிக்குள் போனால், அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம், இல்லை. சங்கரன்கோவிலும் அந்தப் பக்கம்தான்.

அங்கே விபிஎன் வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க முடியாது. விபிஎன் என்பது சாலை இருந்தால் ஓடுகிற வண்டி. சாலையை வெட்டிவிட்டால் எந்த வண்டியாக இருந்தால் என்ன?

முழுதாக வெட்டாமல் தளங்களை மட்டும் அடைக்கும்போது வண்டி ஓடும். அதனால் நமக்குக் கோபமே வருவதில்லை. 2012இல் ‘3’ படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாம் முடங்கின. பிறகு நீதிமன்றமே, குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஐந்து வருடம் கழித்து, 2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவால் ஆர்க்கைவ்.ஆர்க் தளமே அடைபட்டது. நம்மில் எத்தனை பேர் கிடைக்காத பழைய தமிழ்ப் புத்தகங்களை அங்கேதான் பிடிஎஃப்பாகப் படித்தோம்! ஷாருக் கான் படத்தைக் காப்பாற்ற ஒரு நூலகத்துக்குப் பூட்டு. அன்றும் நம் எதிர்வினை ஒன்றுதான்: “விபிஎன் போடு, வரும்.”

படித்துவிட்டுச் சண்டை போட்ட ஊர்கள்

2018 ஜனவரி 7 ராஜபாளையத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வைரமுத்து ஆண்டாளைப் பற்றிய கட்டுரையை அங்கே வாசித்தார், தினமணியில் அச்சானது. அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். தினமணி வருத்தம் தெரிவித்தது, வைரமுத்துவும் தெரிவித்தார். நீங்கள் எந்தக் கட்சி என்பது இங்கே விஷயமில்லை. கட்டுரை கைக்குக் கிடைத்தது. கோபப்பட்டவர்களும் ஆதரித்தவர்களும் அதே பக்கங்களைப் படித்துவிட்டு, அல்லது படிக்க முடியும் என்ற நிலையில் இருந்துகொண்டு, மோதினார்கள். டீக்கடையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள், மேடையில் பேசினார்கள். சண்டை அசிங்கமாகவும் இருந்தது; மறுக்கவில்லை. ஆனாலும் அது எல்லாரும் பார்க்க நடந்த சண்டை.

விகடன் முடக்கத்தில் என்ன ஆனது? விபிஎன் இருந்தவர் பார்த்தார், இல்லாதவர் பார்க்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு இணையம். ரௌட்டரில் சுரங்கம் போட்ட வீட்டுக்கு அந்தத் தளம் அடைபட்டதே தெரியாது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டிவிட்டு வந்து போனில் செய்தி பார்க்கிறவருக்குப் பக்கம் வரவில்லை. ‘சர்வர் பிரச்சினை போல’ என்று அடுத்ததற்குப் போய்விடுவார். ஏனென்றால் அடைத்தவர்கள் ‘இன்ன உத்தரவின்படி அடைத்தோம்’ என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்கீழ் 2009இல் வந்த விதிகளில் 16ஆவது விதி, முடக்கக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது, 69ஏ பிழைத்துக்கொண்டது.

விகடனுக்கு வக்கீல் இருந்தார், நீதிமன்றம் போக முடிந்தது, மற்ற பத்திரிகைகள் செய்தி போட்டன. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது போன்ற ஓர் இணைய இதழை நாளைக்கு அடைத்தால்? நாலு பேர் சொந்தக் காசில் நடத்துவது. அதன் வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் சுரங்கத்துக்குள் இருப்பார்கள். அவர்களுக்கு அடைப்பே தெரியாது. விவரம் தெரியாதவர்கள், ‘இதழ் நின்னுபோச்சு போல’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆசிரியருக்கு வாசக எண்ணிக்கை குறைந்தது மட்டும் தெரியும். தமிழ்ச் சிற்றிதழ்கள் நின்றுபோவது நமக்குப் பழகிய விஷயம். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சத்தமே இல்லாமல் ஒரு பத்திரிகையைச் சாகடிக்க இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? அந்த ஏற்பாட்டில் நம் ரௌட்டருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, அப்ப என்ன பண்ணலாம்?

“விபிஎன்ன கழட்டிட்டு எல்லாரும் சேர்ந்து நனையணுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். போட்டிருப்பதை ஒழுங்காகப் போடுங்கள் என்கிறேன்.

ரௌட்டரில் இரண்டு வைஃபை பெயர் வையுங்கள். ஒன்று சுரங்கம் வழி, இன்னொன்று நேர்வழி. அம்மாவின் வங்கி, அரசுத் தளம், டிவி எல்லாம் நேர்வழியில் ஓடட்டும். எது எது எந்த வழியில் போகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். டிஎன்எஸ் பதிவை நிறுத்துங்கள். அட்மின் பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். அது தங்கச்சியாக இருந்தால் நல்லது.

எல்லாத் தடைக்கும் விபிஎன் தேவையும் இல்லை. நம் நாட்டு இணைய நிறுவனங்கள் ஒரே மாதிரி அடைப்பதில்லை. சில நிறுவனங்கள் டிஎன்எஸ்ஸில் பொய் முகவரி கொடுக்கின்றன. ரௌட்டரில் பூட்டுப்போட்ட டிஎன்எஸ் வைத்தாலே அது திறந்துவிடும், காசு செலவில்லை. சில நிறுவனங்கள் இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரிகிற தளப் பெயரைப் பார்த்து அறுக்கின்றன. அதற்குத்தான் சுரங்கம் வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது காவல்காரருக்குக் கப்பம் கட்டுவது பாதி குறையும்.

அந்த நேர்வழி வைஃபையை அம்மாவுக்காக மட்டும் வைக்கச் சொல்லவில்லை. ஒரு தளம் இந்த ஊரில் திறக்கிறதா இல்லையா என்று பார்க்க, சுரங்கத்துக்கு வெளியே ஒரு கண் வேண்டும். ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. எந்தத் தளம், எந்த நிறுவனத்தின் இணைப்பில், எந்த முறையில் அடைபட்டிருக்கிறது என்று சோதித்து, முடிவை உலகத்துக்கே பொதுவில் வைக்கும். அதை விபிஎன் போட்டுக்கொண்டு ஓட்டினால் உங்கள் ஊர் நிலவரம் பதிவாகாது. உங்கள் இணைப்பிலிருந்து சோதனை நடந்தது என்ற தடயம் இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

நீங்கள் வாசிக்கிற நாலு சின்ன இதழ்களின் முகவரியை அதில் போட்டு, மாதம் ஒரு தடவை ராஜபாளையத்தில் ஓர் இணைப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு இணைப்பிலும் பாருங்கள். ஏதாவது திறக்கவில்லை என்றால் தேதி, நேரம், நிறுவனம் குறித்து இதழ் ஆசிரியருக்கு அன்றைக்கே எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 16ஆவது விதியைக் காட்டி மறுப்பார்கள். மறுக்கட்டும், அந்த மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணம். நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு அது தேவைப்படும்.

அடுத்த முறை குழுவில் ஒருத்தர் “லிங்க் திறக்கலையே” என்று கேட்டால், தயவுசெய்து “எனக்கு ஓப்பன் ஆகுதே” என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். நேர்வழி வைஃபைக்கு மாறி, நீங்களும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.